வோக் துரையோட கல்யாணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக்கோஸ்லோவாக்கியால 1970ல எடுத்த ஒரு பழைய சரித்திர காமெடி படம், பேரு 'ஸ்வத்பி பானா வோகா'. தமிழ்ல சொன்னா வோக் துரையோட கல்யாணங்கள். இதை ஃப்ரெண்ட்ஸ் சிலருக்கு போட்டுக் காட்டினேன், அன்னில இருந்து ஆளாளுக்கு ஒரு கேள்வி, பாதி கேள்வி திரும்பத் திரும்ப அதே கேள்வி. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். படத்தைவிட நிஜ ஆளைப் பத்திதான் ஜாஸ்தி இருக்கும், ஏன்னா நிஜ ஆள் படத்தைவிட சுவாரஸ்யமானவர்.

முதல்ல, யாரு இந்த வோக்?

முழுப் பேரு பெத்ர் வோக், குடும்பப் பேரு ரோஜ்ம்பெர்க். இன்னிக்கு செக் நாட்டுல இருக்கற தெற்கு பொஹீமியா முழுக்க இவங்க குடும்பத்து கையிலதான் இருந்துச்சுன்னு சொன்னா கொஞ்சம்தான் மிகை. கோட்டை, காடு, ஏரி, மீன், பீர், கிராமம், கிராமத்துல இருக்கற ஜனம்னு சகலமும் அவங்களோடது. சின்னம் அஞ்சு இதழ் ரோஜா, அந்தப் பக்கம் டூர் போறவங்க இன்னிக்கும் சுவருக்கு சுவர் அதைப் பாக்கலாம். பெத்ர் வோக் பிறந்தது 1539 அக்டோபர் 1, செத்தது 1611 நவம்பர் 6. அவரோட அந்த வம்சமே முடிஞ்சு போச்சு, அதனால செக் ஜனங்க அவரை 'கடைசி ரோஜ்ம்பெர்க்'னு சொல்லுவாங்க.

அவர் பிறந்து ரெண்டு வாரம் ஆச்சோ இல்லையோ, அப்பா போய்ச் சேந்துட்டார். அண்ணன் விலேமுக்கு அப்போ நாலு வயசு. பின்னாடி அந்த அண்ணன் நாட்டுலயே ராஜாவுக்கு அடுத்த பெரிய பதவி வரைக்கும் போனார், தம்பி ரொம்ப வருஷம் அண்ணன் நிழல்லயே இருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இந்த பேரெல்லாம் எப்படிங்க வாசிக்கறது?

சிரமம்தான். கதாநாயகி பேரு கதெர்ஜினான்னு எழுதியிருக்கேன், அந்த 'ர்ஜி' இருக்கே, அது செக் மொழில ஒரே எழுத்து. நாக்கை ர மாதிரி உருட்டிக்கிட்டே அதே மூச்சுல ஜ சத்தமும் வரணும். நமக்கு ழ எப்படியோ அவங்களுக்கு அது அப்படி, வெளியாள் எவனுக்கும் சரியா வராது, அவங்க ஊர் குழந்தைங்களுக்கே கடைசியா வர்ற எழுத்து அதுதான். அதனால நான் எழுதினது சரியான்னு சண்டைக்கு வராதீங்க, காதுல விழுந்ததுக்கு கிட்டக்க எழுதியிருக்கேன்.

படத் தலைப்புல 'பானா'ன்னு வர்ற 'பான்'ங்கறது மட்டும் முக்கியம். இன்னிக்கு செக்ல அது வெறும் 'மிஸ்டர்', டீக்கடைக்காரரையும் பான்னுதான் கூப்பிடுவாங்க. அந்தக் காலத்துல அப்படி இல்ல, பிரபுக்கள்லயே மேல்தட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் அந்தப் பட்டம், அதுக்குக் கீழ இருக்கற வீரன் வகையறாவுக்குக்கூட கிடையாது. அதான் நான் 'துரை'ன்னு போட்டேன்.

ஒரு கல்யாணம்தானே பண்ணினார், தலைப்புல ஏன் கல்யாணங்கள்?

நல்ல கேள்வி. ஸ்வத்பான்னா கல்யாணம், ஸ்வத்பின்னா கல்யாணங்கள், தெரிஞ்சேதான் பன்மைல வெச்சிருக்காங்க. நிஜத்துல வோக் வாழ்க்கைல ஒரே ஒரு தடவைதான் தாலி கட்டினார், அவங்க ஊர் முறைல மோதிரம் மாத்தினார்னு வெச்சுக்கோங்க. ஆனா ஊர் கதைல அவர் பெரிய மைனர், பாக்கற பொண்ணையெல்லாம் வளைச்சுப் போடறவர், தன்னோட ஜமீன்ல எந்த வீட்டுல கல்யாணம் நடந்தாலும் துரைக்கு அதுல ஒரு 'பங்கு' உண்டுன்னு பேச்சு. தலைப்புலயே அந்தக் கிண்டல் இருக்கு.

இதுல எனக்கு தாங்காத விஷயம் ஒண்ணு சொல்றேன். அண்ணன் விலேம் நாலு கல்யாணம் பண்ணினவர். மொத ரெண்டும் ஜெர்மன் பக்கத்து இளவரசிங்க, மூணாவது பாடன்ல இருந்து வந்த பொண்ணு, நாலாவது பொலிக்சேனா, கல்யாணத்தப்போ அவருக்கு அம்பத்தோரு வயசு, அந்தப் பொண்ணுக்கு இருபது இருபத்தொண்ணு இருக்கும். அவரை யாரும் மைனர்னு சொல்லல, ராஜதந்திரி, பெரிய மனுஷன், கலைகளை வளத்தவர். தம்பி ஒண்ணே ஒண்ணு பண்ணினார், அந்த மனைவி செத்தப்புறம் பத்து வருஷம் இருந்தார், வாரிசு இல்லாம வம்சம் அத்துப் போகும்னு தெரிஞ்சும் ரெண்டாவது கட்டிக்கல. பேரு கெட்டது யாருக்கு? தம்பிக்கு.

அப்போ அந்த மைனர் கதையெல்லாம் பொய்யா?

முழுப் பொய்யும் இல்ல, முழு நிஜமும் இல்ல. சின்ன வயசுல நல்லா வாழ்ந்தவர்தான். இருபத்தி மூணு வயசுல, பின்னாடி பேரரசரான மாக்ஸிமிலியனோட முடிசூட்டு விழாவுக்காக ஃபிராங்ஃபர்ட் போனார், அங்கிருந்து நெதர்லாந்து, இங்கிலாந்துன்னு சுத்திட்டு அடுத்த வருஷம்தான் ஊர் திரும்பினார். 1569ல பெஹின்யேங்கற ஊரை கோட்டையோட விலைக்கு வாங்கிட்டு தனிக்குடித்தனம். நாப்பது வயசு வரைக்கும் கட்டப் பிரம்மச்சாரி. கையில காசு, சொந்தமா கோட்டை, வீட்டுல கேக்க பெரியவங்க யாரும் கிடையாது, அண்ணன் வேற ஊர்ல. வேட்டை, விருந்து, குடி, கூத்து. இந்த பதினொரு வருஷத்துல இருந்துதான் பின்னாடி வந்த எல்லா கதையும் முளைச்சுது.

ஆனா பொம்பளைங்க லிஸ்ட் இருக்கா, பேரு ஊரோட எழுதி வெச்சிருக்காங்களான்னா, ஊர் வாயில கண்ணு காது மூக்கு வெச்சு வளந்த கதைங்கதான் ஜாஸ்தி. அதுல ரொம்ப பிரபலம் சுசானா வொயீர்ஜோவாங்கற பொண்ணு. அவகூட வோக்குக்கு தொடுப்பு, ஒரு ஆண் குழந்தைகூட பிறந்துச்சு, ஊரறிய என் புள்ளன்னு சொல்ல முடியாம துரை தவிச்சார்னு கதை. யான் போர்ங்கறவர் இதை நாடகமாக்கினார், அந்த நாடகத்தை வெச்சு யிர்ஜி பௌவர் ஓபெரா போட்டார், அது 1958ல அரங்கேறுச்சு. அந்தப் பொண்ணு நிஜமா வாழ்ந்தவதான், ஆனா காதலுக்கும் குழந்தைக்கும் ஆதாரம்னு வரலாற்றுக்காரங்க கையில ஒண்ணும் இல்ல. வாரிசு இல்லாத பணக்காரன் செத்தா ஊருக்கு ஒரு ரகசிய வாரிசு தேவைப்படுது, அவ்ளோதான்.

கல்யாணப் பொண்ணோட முதல் ராத்திரி துரைக்குத்தான்னு ஒரு உரிமை இருந்ததாமே?

இது ஐரோப்பா முழுக்க சுத்தற கதை, வோக் மேலயும் ஒட்டிக்கிச்சு. அப்படி ஒரு சட்டமோ எழுதப்பட்ட உரிமையோ இருந்ததுக்கு சான்று இல்லன்னுதான் இன்னிக்கு பெரும்பாலான ஆய்வாளர்ங்க சொல்றாங்க, அலேன் பூரோங்கற பிரெஞ்சு வரலாற்று ஆசிரியர் 1995ல இது கட்டுக்கதைன்னு காட்டறதுக்கு ஒரு முழு புத்தகமே எழுதினார்.

ஆனா நெருப்பில்லாம புகையாதுன்னு கேப்பீங்க. நெருப்பு வேற இடத்துல இருந்துச்சு. பொஹீமியால பண்ணையாட்கள் துரையோட அனுமதி இல்லாம கல்யாணம் பண்ண முடியாது. பொண்ணு பக்கத்து ஜமீன்ல வாக்கப்பட்டுப் போனா இவருக்கு ஒரு வேலைக்காரி நஷ்டம், அவளுக்குப் பொறக்கற புள்ளைங்களும் நஷ்டம், அதனால சம்மதம் வாங்கணும், சில இடத்துல காசும் கட்டணும். 1781ல இரண்டாம் யோசப் பேரரசர் ஒரு உத்தரவு போட்டு இதை எடுத்தார். அதாவது வோக் செத்து 170 வருஷம் கழிச்சு. கல்யாணத்துல துரைக்கு ஒரு கை இருந்தது உண்மை, அது கஜானாவுல இருந்த கை. ஜனங்க அதை படுக்கையறை வரைக்கும் நீட்டிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதிகாரத்தைக் கிண்டல் பண்ண அதைவிட நல்ல வழி என்ன இருக்கு. ஆனா அதே கதையை 1970ல துரை பக்கம் நின்னு சிரிச்சா கொஞ்சம் இடிக்குது.

பொண்ணு யாரு? அவளுக்கு என்ன வயசு?

இங்கதான் படம் பாத்துட்டு எனக்கு தூக்கம் வரல. கதெர்ஜினா, லூதனித்ஸ் குடும்பம், பொஹீமியாவுக்கு கிழக்க இருக்கற மொராவியா பக்கம். 1565ல பிறந்தவ. கல்யாணம் 1580 பிப்ரவரி 14, பெஹின்யேல. கணக்கு போட்டுக்கோங்க, பதினாலு இல்லன்னா பதினஞ்சு. மாப்பிள்ளைக்கு நாப்பது.

அனாதைப் பொண்ணு, ஆனா ஏழை அனாதை இல்ல, அவங்க குடும்பத்துல மிஞ்சின கடைசி ஆள். ஹெல்ஃப்ஷ்டைன்னு ஒரு பெரிய மலைக்கோட்டை, கீழ லிப்னிக்னு ஒரு ஊர், சுத்தி நிலபுலன், எல்லாம் அவ பேர்ல. மாப்பிள்ளைக்கோ செலவுக்கை, கடன் ஏறிக்கிட்டே இருக்கு. மீதிய நான் சொல்லணுமா? பின்னாடி அந்த சொத்தையும் வித்துட்டாங்க. ஹெல்ஃப்ஷ்டைன் இன்னிக்கு பாதி இடிஞ்சு நிக்குது, வருஷா வருஷம் ஆகஸ்ட்ல உலகம் பூரா இருந்து கொல்லர்ங்க வந்து இரும்பு அடிச்சு சிற்பம் பண்ற ஒரு திருவிழா அங்க நடக்கும், அதுக்காகத்தான் ஜனங்களுக்கு அந்த இடம் தெரியும். கதெர்ஜினாவுக்காக யாரும் போறதில்ல.

படம் இந்தக் கல்யாணத்தை, ஆட்டம் போட்ட ஆள் கடைசில ஒரு பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்ட கதையா எடுத்துக்குது. காமெடிக்கு அது தோதான ஃபார்முலா, மைனர் மாட்டினாத்தான் சிரிப்பு வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, மாட்டினது யாரு? வோக் பாத்திரத்துல நடிச்ச மிலோஷ் கொபெட்ஸ்கிக்கு படம் எடுத்தப்போ நாப்பத்தெட்டு வயசு நெருங்கிடுச்சு.

அந்தக் காலத்துல அது சகஜம்தானேன்னு விட்டுடலாமே?

பிரபு குடும்பங்கள்ல நடந்ததுதான், மறுக்கல. ஆனா 'அந்தக் காலத்துல சகஜம்'னு சொல்றவங்க அந்தக் காலத்துப் பொண்ணுங்ககிட்ட கேட்டாங்களான்னு பாக்கணும். இதே ரோஜ்ம்பெர்க் குடும்பத்துல, வோக்குக்கு நூறு வருஷம் முன்னாடி, பெர்ஹ்தான்னு ஒரு பொண்ணு. 1449ல மிகுலோவ்ங்கற ஊர்ல லிச்டென்ஸ்டைன் குடும்பத்துல கட்டிக் குடுத்தாங்க. அப்பா பேசின வரதட்சணையை ஒழுங்கா குடுக்கல, இழுத்தடிச்சார். அங்க புருஷனும் அவன் வீட்டுப் பொம்பளைங்களும் இவளைப் பாடாப் படுத்தினாங்க. அவ அப்பாவுக்கும் அண்ணன் தம்பிங்களுக்கும் லெட்டர் மேல லெட்டர் போட்டா, என்னை இந்த இடத்துல இருந்து காப்பாத்துங்க, வாக்கு குடுத்த பணத்தையாவது அனுப்புங்கன்னு. அதுல முப்பதுக்கு மேல இன்னிக்கும் இருக்கு. அஞ்சு நூற்றாண்டு முன்னாடி ஐரோப்பால எழுதின கடுதாசி, படிச்சா பக்கத்து வீட்டுல நடந்த மாதிரி இருக்கும். சகஜமாம்.

அவ செத்தப்புறம் ஊர் அவளை பேயாக்கிடுச்சு. வெள்ளைச் சேலை மாதிரி வெள்ளை உடுப்பு, கோட்டைக்கு கோட்டை நடப்பா, அவ கை உறை வெள்ளையா இருந்தா நல்ல சேதி, கறுப்பா இருந்தா சாவு. 'வெள்ளைச் சீமாட்டி'ன்னு செக் நாட்டுலயே பெரிய பேய் அவதான்.

அந்தப் பேய்க்கும் வோக்குக்கும் ஏதோ சம்பந்தம்னு சொன்னீங்களே?

ஆமா, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. வோக் கைக்குழந்தையா இருந்தப்போ ராத்திரி தாதிங்க அசந்து தூங்கிட்டா, வெள்ளைச் சீமாட்டி சத்தமில்லாம வந்து தொட்டிலை ஆட்டி குழந்தையைத் தூக்கி வெச்சுக்குவாளாம். பழைய தாதிங்களுக்கு இது பழகிப்போச்சு, கண்டுக்க மாட்டாங்க. புதுசா வேலைக்கு வந்த ஒருத்தி ஒருநாள் முழிச்சுப் பாத்துட்டு, யாருடி நீ, குழந்தையைக் கீழ வைன்னு பிடுங்கிட்டா. பேய்க்கு கோவம் வந்துச்சு. இந்தக் குழந்தை என் வம்சம், நீ யாரு கேக்கன்னுட்டு, இனிமே வர மாட்டேன்னு சுவருக்குள்ள நுழைஞ்சு போயிடுச்சு. வோக் பெரியவனாகி இதைக் கேள்விப்பட்டு, அவ மறைஞ்ச அந்த இடத்துல சுவரை இடிக்கச் சொன்னாராம், உள்ள புதையல்!

அப்பா இல்லாத குழந்தைக்கு ஊரே சேந்து ஒரு பேயை ஆயாவா வெச்சிருக்கு பாருங்க. புதையல் மட்டும் நிஜமா கிடைச்சிருந்தா மனுஷன் அவ்ளோ கடன்ல தவிக்க வேண்டியிருந்திருக்காது.

டிரஸ்ஸெல்லாம் நிஜமாவே அப்படித்தான் போட்டாங்களா? கழுத்துல அது என்ன தட்டு?

தட்டு இல்லங்க, கழுத்துப்பட்டை. மெல்லிசான லினன் துணியை நீளமா எடுத்து, 8ங்கற எண் வடிவத்துல அடுக்கடுக்கா மடிச்சு, கஞ்சி போட்டு மொடமொடன்னு நிறுத்தறது. ஒரு தடவை துவைச்சா மறுபடி ஒவ்வொரு மடிப்பையும் சூடான கம்பி வெச்சு தனித்தனியா தூக்கி விடணும், மழை பேஞ்சா தொங்கிப் போயிடும். சாப்பாட்டு மேசைல சூப்பு குடிக்கறதைப் பத்தி யோசிங்க. நான் எழுதறதுக்காக ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், அதைப் போட்டுக்கிட்டா யாருமே குனிய முடியாது, தாடை தானா மேல தூக்கிக்கும், பணிவா இருக்கணும்னு நினைச்சாலும் திமிராத்தான் தெரியும். பாதி நடிப்பை அந்தத் துணியே பண்ணிடுது.

இந்த ஸ்டைல் ஸ்பெயின்ல இருந்து வந்தது. ஆம்பளைங்களுக்கு கறுப்பு உடுப்பு, குட்டை மேலங்கி, தொடை வரைக்கும் பஞ்சு வெச்சு உப்பின கால்சட்டை. பொம்பளைங்களுக்கு மார்பை அமுக்கற இறுக்கமான மேல்சட்டை, கீழ வளையம் வெச்சு கூம்பு மாதிரி நிக்கற பாவாடை. 1555ல மரியா மன்ரிகே தெ லாராங்கற ஸ்பானிஷ் சீமாட்டி பெர்ன்ஷ்டைன் குடும்பத்துல மருமகளா வந்தா, தலைநகர் பிராகா, அதான் பிராக், அங்க மேல்தட்டுல ஸ்பானிஷ் பழக்கவழக்கம் பரவினதுல அவளுக்குப் பெரிய பங்கு. விலேமோட நாலாவது பொண்டாட்டி பொலிக்சேனா இவ மகதான். இந்த பொலிக்சேனாதான் அம்மா வழியா தனக்கு வந்த சின்ன மெழுகு குழந்தை இயேசு சிலையை 1628ல பிராகா கார்மேல் மடத்துக்கு குடுத்தா. நம்ம ஊர் கிறிஸ்தவ வீடுங்கள்லகூட கிரீடம் வெச்சு அங்கி போட்ட ஒரு குழந்தை இயேசு படம் மாட்டியிருக்குமே, அதேதான்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஆள் திருந்தினாரா?

'திருந்தினார்'ங்கறது சினிமா வார்த்தை. மாறினார்னு சொல்லலாம். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷத்துல, 1582ல, 'சகோதரர் ஐக்கியம்'ங்கற சபைல சேந்துட்டார். யான் ஹூஸ்ங்கற செக் மதச் சீர்திருத்தக்காரர் வழில வந்த சபை அது, கத்தோலிக்கத்துல இருந்து பிரிஞ்சது, எளிமை, ஒழுக்கம், படிப்புன்னு கறாரா இருப்பாங்க. பொண்டாட்டி அந்தப் பக்கம், அவதான் இழுத்துட்டுப் போனான்னு சொல்லுவாங்க. அண்ணனோ கத்தோலிக்கர், பெரிய பதவில இருக்கறவர், அவருக்கு இது எவ்ளோ சங்கடமா இருந்திருக்கும்! பதினேழு வயசுப் பொண்ணு நாப்பத்திரெண்டு வயசு மைனரை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு கூட்டிட்டுப் போறதுதான் என்னைக் கேட்டா நிஜமான காமெடி. யாரும் எடுக்கல.

1592ல அண்ணன் வாரிசில்லாம போனதும் மொத்த ஜமீனும் இவர் தலைல விழுந்துச்சு, அண்ணன் வெச்ச கடனோட சேத்து. 1594ல ஹங்கேரில துருக்கிப் படைக்கு எதிரா செக் சேனைக்கு தலைமை தாங்கிப் போனார். கடைசில கடன் கழுத்தை நெரிச்சு, 1601ல குடும்பத்தோட தலைமை இடமான செஸ்கி க்ரும்லோவை பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு வித்துட்டு அடுத்த வருஷம் த்ரெபோன்ங்கற ஊருக்கு குடிபோனார்.

த்ரெபோன்ல என்ன விசேஷம்?

ஏரி. மீன். பீர். 1584ல இருந்து 1590க்குள்ள யாகுப் கர்ச்சீன்ங்கற ஆளை வெச்சு விலேம் வெட்டின ரோஜ்ம்பெர்க் ஏரி இன்னிக்கும் செக் நாட்டுலயே பெரிய மீன் ஏரி. கிறிஸ்துமஸுக்கு அவங்க சாப்பிடற கெண்டை மீன் அந்தப் பக்கத்துல இருந்துதான் நிறைய வரும்.

கிசுகிசு வேணும்னா அதுவும் அங்க இருக்கு. விலேமுக்கு ரசவாதப் பைத்தியம், ஈயத்தைப் பொன்னாக்கறேன்னு வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டார். இங்கிலாந்துல இருந்து ஜான் டீ, எட்வர்ட் கெல்லின்னு ரெண்டு பேர் குடும்பத்தோட த்ரெபோன்ல டேரா போட்டாங்க. 1587ல ஒருநாள் கெல்லி, தேவதைங்க எங்கிட்ட பேசினாங்க, நாம ரெண்டு பேரும் பொண்டாட்டிங்களைப் பொதுவா வெச்சுக்கணுமாம்னு சொன்னார். டீ அழுது புலம்பிட்டு, தேவதை சொன்னா மீற முடியுமான்னு ஒப்பந்தம் எழுதி நாலு பேரும் கையெழுத்து போட்டாங்க, எல்லாம் டீயோட டைரிலயே இருக்கு. இவ்ளோவும் ஒழுக்கமான அண்ணனோட கூரைக்கு கீழ. மைனர் பட்டம் மறுபடியும் தம்பிக்குத்தான்.

வோக் வாழ்க்கை இவ்ளோ விவரமா எப்படித் தெரியும்?

வாட்ஸ்லவ் ப்ரெஜான்ங்கற ஒரு நூலகர் புண்ணியம். வோக்குக்கு புஸ்தக வெறி, பத்தாயிரம் புத்தகத்துக்கு மேல சேத்தார், அதைப் பாத்துக்கவும் பட்டியல் போடவும் ப்ரெஜானை வேலைக்கு வெச்சார். அவர் பட்டியல் போட்டதோட நிக்காம ரோஜ்ம்பெர்க் குடும்ப வரலாற்றையே எழுதினார், அதுல விலேம், வோக் ரெண்டு பேர் வாழ்க்கையும் முழுசா தப்பிச்சுது. நூலகம் தப்பல, 1648ல பிராகாவுல சுவீடன் படை அள்ளிட்டுப் போயிடுச்சு. மைனருக்கு எதுக்குய்யா பத்தாயிரம் புத்தகம்னு கேட்டா படத்துல பதில் இல்ல.

படத்தை எடுத்தவர் யாரு? அந்த நேரத்துல ஏன் இப்படி ஒரு படம்?

கரெல் ஸ்டெக்லி. இவரோட 'சிரேனா' 1947ல வெனிஸ் விழாவோட உச்ச பரிசு வாங்குச்சு, சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தைப் பத்தின படம். அப்புறம் 1956, 57ல ஷ்வெய்க் சிப்பாய் கதையை ரெண்டு படமா எடுத்தார், செக் ஜனங்க இன்னிக்கும் டிவில பாக்கறாங்க. 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கிங்க பிராகாவுக்குள்ள வந்ததும் நல்ல டைரக்டர்ங்க பாதி பேர் வெளிநாடு போயிட்டாங்க இல்லன்னா வேலை இல்லாம வீட்டுல உக்காந்தாங்க, எடுத்து முடிச்ச படங்களையே பூட்டி வெச்சாங்க. ஸ்டெக்லி ஆட்சிப் பக்கம் சாஞ்சவர், அவருக்கு வேலை தொடர்ந்துச்சு. அந்த சூழ்நிலைல பட்டுத் துணியும் ஒயினும் பழைய காலத்து சரசமும் பாதுகாப்பான சரக்கு, யாரும் நோண்ட மாட்டாங்க. 1969லயே பேரரசர் நாலாம் கார்லோட இளமைக் காலத்தை வெச்சு ஒரு காமெடி எடுத்திருந்தார், அடுத்தது வோக்.

கொபெட்ஸ்கி நல்ல நடிகரா?

அவருக்காகத்தான் படமே. புருவத்தைத் தூக்கி ஒரு வார்த்தையை மெதுவா மென்னு துப்புவார் பாருங்க, அதுல ஆயிரம் அயோக்கியத்தனம். 1961ல பொய்ப் பெருமை அடிக்கற பரோன் முன்ஹௌசனா நடிச்சார், 1964ல 'லிமொனாடோவி ஜோ'ங்கற கௌபாய் கிண்டல் படத்துல வில்லன், எழுபதுகள் கடைசில டிவி ஆஸ்பத்திரி சீரியல்ல கடுகடு டாக்டரா வந்து வீட்டுக்கு வீடு தெரிஞ்ச முகமானார். நிஜ வாழ்க்கைல அவரும் ஒண்ணுக்கு மேல கல்யாணம் பண்ணினவர். அம்மா யூதர், ஆஷ்விட்ஸ் நாஜி முகாம்ல செத்துட்டாங்க. மனசு ஒருநாள் உச்சத்துல, ஒருநாள் பாதாளத்துலன்னு போற நோயோட வாழ்நாள் பூரா போராடினார், அதை மறைக்கவும் இல்ல. இது தெரிஞ்சப்புறம் வோக் தனியா உக்காந்திருக்கற காட்சிங்களை மறுபடி பாருங்க, கண்ணுல வேற எதுவோ இருக்கு.

1979ல இதுக்கு தொடர்ச்சியும் வந்துச்சு, அதே டைரக்டர், அதே கொபெட்ஸ்கி, 'பான் வோக் ஓத்ஹாஸீ', வோக் துரை கிளம்புறார்னு அர்த்தம். எட்டு வருஷம் கழிச்சு, 1987ல, நாடகக் கலைஞர்ங்க மாநாட்டு மேடைல ஏறி இதே கொபெட்ஸ்கி ஆட்சில இருக்கறவங்களைப் பாத்து, நேரம் பாத்து கிளம்பத் தெரியணும்ங்கற மாதிரி பேசினார். அரங்கமே அசந்து போச்சு.

கதெர்ஜினாவுக்கு கடைசில என்னாச்சு?

இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்தா. குழந்தை இல்ல. கடைசி காலத்துல புத்தி பேதலிச்சுடுச்சு. 1601ல செத்தா, முப்பத்தாறு வயசுதான். க்ரும்லோவ் கைமாறினதும் அதே வருஷம்தான்.

வோக் சாவு?

1611 ஆரம்பத்துல, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் ஊரான பாஸாவ்ல இருந்து சம்பளம் வராத கூலிப்படை ஒண்ணு தெற்கு பொஹீமியாவுக்குள்ள புகுந்து கொள்ளையடிச்சுது. ருடால்ஃப் பேர்ல திரட்டின படை, ஆனா குடுக்க அவர்கிட்ட காசில்ல. எழுபத்தொரு வயசு வோக், வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி காசடிச்சு அவங்களுக்கு சம்பளம் குடுத்து ஊரை விட்டு அனுப்ப ஏற்பாடு பண்ணினார். விருந்து விருந்தா போட்ட அதே தட்டுங்களா இருக்கும்னு நினைச்சுக்குவேன். அதே வருஷம் நவம்பர்ல போயிட்டார். விஷ்ஷி ப்ரோத் மடத்துல புதைச்சாங்க, 1259ல அந்த மடத்தைக் கட்டினவர் பேரும் வோக்தான், முதலாம் வோக். அடக்கத்தப்போ வாரிசு இல்லாத வம்சம்ங்கறதால அஞ்சிதழ் ரோஜா கேடயத்தை உடைச்சாங்க.

சரி, படம் பாக்கலாமா வேணாமா?

பாருங்க. ஆனா சாப்பிட்டுக்கிட்டே பாருங்க, ரொம்ப உத்துப் பாத்தா நடுவுல இழுக்குது. கல்யாணக் காட்சி வந்தா மட்டும் தட்டை வெச்சிட்டு, கொபெட்ஸ்கியை விட்டுட்டு அவர் பக்கத்துல நிக்கற பொண்ணைப் பாருங்க.